180 லிட்டர் கடல் பாலாக மாறியது! மணல் கொட்டிய குமாஸ்தா பதறினார். மீன்களைக் காப்பாற்றியது ஒரு டெலிபோன்

சென்னை,

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்த்து வந்தார் ஒரு குமாஸ்தா. தொட்டிக்கு அழகாக இருக்கட்டும் என்று அதில் மணல் கொட்டினார். 5 நிமிடத்தில் தண்ணீர் பால் போல வெளுத்துவிட்டது. உள்ளே இருந்த மீன்களைக் காணவில்லை!

மகள் அழுதாள். மனைவி திட்டினார். அக்கம் பக்கத்தார் ஓடிவந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்த யோசனைகளில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் மீன்கள் பிழைத்திருப்பது சந்தேகம்தான்.

கடைசி நேரத்தில் போட்ட ஒரு டெலிபோன் அவற்றைக் காப்பாற்றியது. அதன் விவரம் வருமாறு:-

ஒரே பைத்தியம்

குமாஸ்தா பெரம்பூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தினமும் மின்சார ரெயிலில் போய் வருகிறவர்.

அவருக்குச் சீட்டு கிடையாது. சினிமாவும் எப்போதாவதுதான். ஒரே ஒரு பைத்தியம், மீன்.

பல வருடம் நல்ல தண்ணீர் மீன் வளர்த்தார். தீபாவளி போனஸ் வந்ததும் துணிந்து கடல் மீன் தொட்டி வாங்கிவிட்டார். 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். அதில் சுமார் 180 லிட்டர் உப்புத் தண்ணீர். சில பாறைத் துண்டுகள். ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட 2 கோமாளி மீன்கள். 2003-ல் வந்த ஆங்கிலக் கார்ட்டூன் படத்துக்குப் பிறகு இந்த மீனைக் கடைகளில் "நெமோ" என்றுதான் கேட்கிறார்கள்.

தொட்டியின் அடியில் மட்டும் வெறும் கண்ணாடி.

"கடல்னா மணல் இருக்கணும்ல? மொட்டையா இருக்குப்பா" என்றாள் மகள்.

மகள் சொன்னால் மறுப்பாரா? சனிக்கிழமை சாயந்திரமே கொளத்தூருக்குப் போனார். வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடம் அது. 15 கிலோ வெள்ளை மணல் வாங்கினார்.

"நல்லா கழுவிட்டுப் போடுங்க சார்" என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் மணல் வாங்கிய சந்தோஷத்தில் அது குமாஸ்தாவின் காதில் விழவில்லை.

கொட்டினார், வெளுத்தது

இரவு 7 மணி. பையின் வாயைக் கத்தரித்தார். அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தார்.

புஸ்சென்று வெள்ளைப் புகை போல ஒன்று கிளம்பியது. பாறை மறைந்தது. மீன்கள் மறைந்தன. பின்பக்கம் எரிந்த விளக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஐயோ, என் நெமோ!" என்று மகள் கத்தினாள். சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது.

மாடி வீட்டுக்காரர் சொன்னார்:- "படிகாரம் போடுங்க சார். எங்க ஊர்ல கலங்கின தண்ணியில அதைத்தான் போடுவோம். அரை மணியில தெளிஞ்சிடும்."

எதிர் வீட்டுப் பாட்டி சொன்னார்:- "படிகாரம் எதுக்கு? தேத்தாங்கொட்டையை இழைச்சு விடுப்பா."

பக்கத்து வீட்டு வாலிபர் சொன்னார்:- "அண்ணே, மொத்தத் தண்ணியையும் இறைச்சுக் கொட்டிட்டு, குழாய்த் தண்ணியைப் புடிச்சு உப்புப் போட்டு ஊத்துங்க. முடிஞ்சுது வேலை!"

குமாஸ்தா, சவரப் பெட்டியில் இருந்த படிகாரக் கட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கையைத் தொட்டிக்கு மேலே நீட்டினார்.

"அப்பா, முதல்ல கடைக்கார மாமாவைக் கேளுப்பா" என்றாள் மகள்.

"கீழே போடுங்க!"

கொளத்தூர் கடைக்கு டெலிபோன் பறந்தது.

"சார், கையில என்ன வச்சிருக்கீங்க?"

"படிகாரம்."

"மொதல்ல அதைக் கீழே போடுங்க! டார்ச் இருக்கா? கண்ணாடியில ஒட்டி வச்சு அடிங்க. மீன் எங்கே இருக்கு பாருங்க."

டார்ச் அடித்தார்கள். பாறை ஓரத்தில் 2 மீன்களும் தெரிந்தன.

"மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா? செவுள் படபடன்னு அடிக்குதா?"

"இல்லை. சும்மாதான் நிக்குது."

"அப்ப ஒண்ணும் ஆகலை. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது, மீனுக்கு இல்லை. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க."

தெளிந்தது, மீன் இல்லை

அந்தக் கடைக்காரர் இந்தத் தொழிலில் பல வருட அனுபவம் உள்ளவர். அவர் நம்மிடம் கூறியதாவது:-

"மணல் தூசி மீனைக் கொல்றது அபூர்வம் சார். தூசியைப் பார்த்துப் பயந்து ஆளுங்க செய்யற வேலைதான் கொல்லுது.

அயனாவரத்துல ஒரு மளிகைக் கடைக்காரர். இதே மாதிரி மணல் கொட்டினாரு, கலங்கிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா எல்லாத் தண்ணியையும் இறைச்சாரு. குழாய்த் தண்ணியை ஊத்தினாரு. கடையில இருந்த சமையல் உப்பையே அள்ளிப் போட்டாரு. காலையில பார்த்தா தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு இருந்துச்சு. மீன்தான் இல்லை. 5 மீனும் போச்சு."

ஏன் செத்தன?

குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் இருக்கும். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு விஷம்.

சமையல் உப்பு வேறு, கடல் உப்பு வேறு. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் மக்னீசியம், கால்சியம் என்று பல சரக்கு உண்டு. சமையல் உப்பில் அவை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பின் அளவும் சூடும் ஒரே நேரத்தில் தலைகீழாக மாறினால் கடல் மீன் தாங்காது.

படிகாரம் ஏன் கூடாது?

குடிதண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரத்தைத்தான் சேர்க்கிறார்கள். அது பொய்யான வைத்தியம் அல்ல. தண்ணீரில் மிதக்கும் தூசிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துக் கனமாக்கிக் கீழே இறக்கிவிடும். தேற்றாங்கொட்டை செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். பாட்டி சொன்னது பழந்தமிழர் அறிந்த வித்தை.

ஆனால் அந்தத் தண்ணீரில் மீன் கிடையாது!

படிகாரம் புளிப்புச் சரக்கு. கடல் தண்ணீர் காரத்தன்மை உடையது. படிகாரம் விழுந்ததும் அந்தக் காரத்தன்மை குறையும். ஒட்டித் திரண்ட தூசி மீனின் செவுளிலும் படியும். படிகாரத்தில் உள்ள அலுமினியம், பவளப் பூச்சி போன்ற மென்மையான உயிர்களுக்கு ஆகாது. தேற்றாங்கொட்டையோ தாவரப் பொருள். தொட்டிக்குள் அழுகினால் அது வேறு தொல்லை.

கடல் மீன் தொட்டிக்கென்றே தயாரித்த தெளிமருந்துகள் பாட்டிலில் கிடைக்கின்றன. அவசியமானால் அவற்றைப் பாட்டிலில் போட்டுள்ள அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூடப் போகாமல் விடலாம். பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது.

ஏன் இறங்க மறுக்கிறது?

கொட்டியது மணல்தானே? மணல் கீழே போகவேண்டியதுதானே? மிதப்பது ஏன்?

மிதப்பது மணல் அல்ல, மணலோடு வந்த மாவு. இந்த வெள்ளை மணல் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தது. மூட்டை கட்டி ஏற்றி இறக்கும்போது மணிகள் ஒன்றோடு ஒன்று உரசி மாவாகிவிடுகிறது.

மணி சின்னதாக ஆக, இறங்கும் வேகம் பல மடங்கு குறையும். குறுக்களவு 10-ல் ஒரு பங்கானால் வேகம் 100-ல் ஒரு பங்காகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லி மீட்டரை 100 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு சிறிய தூசி 1½ அடித் தண்ணீரில் இறங்கச் சுமார் 1¼ மணி நேரம் ஆகும். 1,000 பங்கில் ஒரு பங்காக இருந்தால்? சுமார் 5 நாள்!

அதுவும் தண்ணீர் அசையாமல் இருந்தால்தான். தொட்டியில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தூசி எப்படி இறங்கும்? ஆகவே, தானாக இறங்கட்டும் என்று விடாமல் பஞ்சை வைத்து வடித்து எடுப்பதுதான் வழி.

அன்று இரவு செய்தது

குமாஸ்தா வீட்டில் அன்று இரவு நடந்தது இதுதான்:-

1. அலை கிளப்பும் மோட்டாரை ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். பெரிய மணிகள் இறங்கின. காற்றுக் குமிழ் விடும் மோட்டாரை மட்டும் நிறுத்தவில்லை. மீனுக்கு மூச்சு அதுதான்.

2. மோட்டார் தண்ணீர் இழுக்கும் வாயை மணல் மட்டத்தில் இருந்து உயரத் தூக்கி வைத்தார்கள். மணல் உள்ளே போனால் மோட்டார் விசிறி தேய்ந்துவிடும். "கர கர" என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திக் கழுவவேண்டும்.

3. பில்டர் பெட்டியில் புதிய வெள்ளைப் பஞ்சை நெருக்கமாக வைத்து, எல்லா மோட்டாரையும் மறுபடி ஓடவிட்டார்கள். தூசி சுற்றிச் சுற்றி வந்து பஞ்சில் சிக்கியது.

4. படுக்கப் போகும்முன் பஞ்சை மாற்றினார்கள். காலையில் எழுந்ததும் மாற்றினார்கள். எடுத்த பஞ்சு மாவில் தோய்த்த மாதிரி இருந்ததாம். அடைத்த பஞ்சை அப்படியே விட்டால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எந்தப் பயனும் இல்லை.

5. அன்று இரவு மீனுக்குத் தீனி போடவில்லை. ஒரு வேளை பட்டினியால் மீன் சாகாது. கலங்கலில் போட்ட தீனி அழுகினால் சாகும்.

6. மறுநாள் பாறை மேல் படிந்த தூசியை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சிக் கிளப்பிவிட்டார்கள். அதுவும் பஞ்சுக்குப் போயிற்று.

7. பிறகு 18 லிட்டர் தண்ணீர் மாற்றினார்கள். அதாவது 10-ல் ஒரு பங்குதான். அதற்கு மீன் தொட்டிக்கான கடல் உப்பு சுமார் 630 கிராம் தேவைப்பட்டது. குளோரின் நீக்கிய தண்ணீரில் அதை முதல் நாளே கரைத்து, தொட்டித் தண்ணீரின் உப்பும் சூடும் அதற்கும் இருக்கிறதா என்று பார்த்து ஊற்றினார்கள்.

கரண்ட் போகும் தெருவாக இருந்தால் பாட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை வீட்டில் வாங்கி வைப்பது நல்லது.

எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல

இங்கேதான் வாசகர்கள் உஷாராக இருக்கவேண்டும். மணல் போட்ட அன்றே வெளுத்தால் அது தூசி. பெரும்பாலும் ஒரு நாளில் இருந்து 3 நாளுக்குள் தெளிந்துவிடும்.

தெளிந்த தண்ணீர் சில நாள் கழித்து மறுபடியும் சாம்பல் கலந்த வெள்ளையாக மங்கினால் அது தூசி அல்ல, பாக்டீரியா! எதையோ தின்று கூட்டமாகப் பெருகிவிட்டது என்று அர்த்தம். அது தண்ணீரில் உள்ள பிராண வாயுவைக் குடித்துவிடும். அப்போது காற்றைக் கூட்டவேண்டும். தீனியைக் குறைக்கவேண்டும். அமோனியா இருக்கிறதா என்று சோதனை மருந்து விட்டுப் பார்க்கவேண்டும். அமோனியா தெரிந்தால் சிறிது சிறிதாகத் தண்ணீரை மாற்றவேண்டும்.

காரத்தன்மையைக் கூட்டும் தூளையோ கால்சியம் தூளையோ அதிகமாகப் போட்டதும் தண்ணீர் வெளுத்தால், கரைந்திருந்த சுண்ணாம்பு திரிந்து வெளியே வருகிறது என்று பொருள். தூள் போடுவதை உடனே நிறுத்தவேண்டும்.

4-வது ஒன்று உண்டு. அதுதான் மோசமானது. ஏற்கனவே பல மாதமாக மணல் கிடக்கும் தொட்டியில் அதைக் கிண்டிவிட்டு, மேலே புது மணல் கொட்டுவார்கள். பழைய மணலின் அடியில் அழுக்கும் கெட்ட வாயுவும் அடைந்து கிடக்கும். தண்ணீர் கலங்குவதோடு கூமுட்டை நாற்றம் அடித்தால் காத்திருக்கக் கூடாது. தயாராக வைத்துள்ள சுத்தமான உப்புத் தண்ணீருக்கு மீன்களை உடனே மாற்றிக் காற்று விடவேண்டும்.

பழைய மணலைக் கிண்டாதீர்கள். புது மணலையும் பாதிப் பாதியாக, ஒன்றிரண்டு வார இடைவெளி விட்டுப் போடுங்கள்.

ஒரு மணி நேர வேலை

இத்தனை அமர்க்களமும் இல்லாமல் செய்ய வழி இல்லையா? இருக்கிறது. ஒரு மணி நேர வேலைதான்.

வாளியில் 2, 3 கிலோ மணலைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கையால் அலசிக் கொட்டவேண்டும். அரிசி களைவது போலத்தான். வெள்ளையாக வரும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசவேண்டும். 8, 10 தடவைகூட ஆகலாம். கடைசித் தடவை உப்புத் தண்ணீரில் அலசுவது நல்லது.

லாரித் தண்ணீர் பிடிக்கும் தெருவில் இது கஷ்டம்தான். முதலில் அலசும் தண்ணீரை வாசல் கழுவவும் கக்கூசுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஈரமாகப் பையில் அடைத்து "லைவ் சாண்ட்" என்று விற்கும் மணலை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. அதில் உள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும்.

கழுவிய மணலை மேலே இருந்து கொட்டாதீர்கள். மோட்டாரை நிறுத்துங்கள். 1½ அங்குல பி.வி.சி. குழாயைத் தொட்டியின் தரை வரை இறக்குங்கள். மேலே புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மணலை விடுங்கள். அடியில் போய்த்தான் விழும். தண்ணீர் முழுதும் பரவாது.

"மெரினா மணல் ஆகாதா?"

பக்கத்திலேயே கடற்கரை இருக்க, காசு கொடுத்து மணல் வாங்குவானேன் என்று பலர் கேட்கிறார்கள்.

சென்னைக்கும் கடல் மீன் தொட்டிக்கும் உறவு பழையது. 1909-ல் மெரினா கடற்கரையிலேயே கடல் மீன் காட்சிசாலை ஒன்று திறந்தார்கள். 2-வது உலகப் போர் நடந்தபோது 1942-ல் அதை மூடிவிட்டார்கள்.

ஆனால் இன்று அந்தக் கரைக்கு அருகிலேயே கூவமும் அடையாறும் கடலில் கலக்கின்றன. மணலில் என்னென்ன ஊறிக் கிடக்கிறதோ! தவிரவும், கரையோரத்தில் மணல் அள்ளக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் தடை போடுகின்றன.

"ராமேசுவரம் பக்கத்தில் இருந்து பவளக்கல் கொண்டுவந்து இடித்துப் போடலாமே" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். 2001 முதல் பவளப் பாறைகள், புலியைப் போல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுத்தால் சிறை! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 2 தீவுகள் கடலுக்குள் மறைந்துவிட்டன. முன்பு பவளப் பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

கடல் திரும்பி வந்தது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமாஸ்தா வீட்டுத் தொட்டியில் பாறை மங்கலாகத் தெரிந்தது. இரவில் மீன்கள் தெரிந்தன. திங்கட்கிழமை காலை 6 மணிக்கு மகள்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, கடல் வந்துடுச்சு!"

எழுந்து ஓடினார். தண்ணீர் தெளிந்து கிடந்தது. அடியில் வெள்ளை வெளேர் என்று மணல். கோமாளி மீன் ஒன்று தலைகீழாக நின்று மணலைக் கொத்திக்கொண்டு இருந்தது.

அன்று வழக்கமான ரெயிலை விட்டுவிட்டார். ஆபீசுக்குத் தாமதம். மானேஜர் காரணம் கேட்டாராம். "வீட்டுல கடல் கலங்கிடுச்சு சார்" என்றாராம் குமாஸ்தா.

அந்தப் படிகாரம்? அது பத்திரமாகச் சவரப் பெட்டிக்கே திரும்பிப் போய்விட்டது.